கூடுனா நல்லதுதானே

உக்காருங்க அண்ணாச்சி. அந்த பெஞ்சு வேண்டாம், காலு ஒண்ணு ஆடுது. நான் உக்காந்து பாத்துட்டுத்தான் இங்க மாறுனேன். இங்கன்னா ஃபேன் காத்தும் வரும். யாருக்கு வந்திருக்கீங்க? மதினிக்கா? பித்தப்பையில கல்லா? அட, அதுக்கா இப்படி மொகம் வாடிப்போய் இருக்கீங்க! சின்னச் சின்னதா ஓட்டை போட்டு எடுத்துருவாங்க, நாலு நாள்ல எந்திரிச்சு நடமாடுவாங்க. எனக்கு எப்படித் தெரியும்ங்கிறீங்களா? சாத்தூர்ல முப்பத்தோரு வருஷமா மெடிக்கல் வச்சிருக்கேன். தவசிலிங்கம்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. மெடிக்கல் அண்ணாச்சின்னு கேளுங்க, பஸ் ஸ்டாண்டுல இருந்து கையப் பிடிச்சுக் கூட்டியாந்து விட்டுருவாங்க.

நம்ம வீட்டம்மா உள்ள இருக்கா. முந்நூத்தி நாலு. ராஜக்கனின்னு பேரு. நாளைக்குக் காலையில கழுத்துல ஆபரேஷன். எல்லாம் தயாரா இருக்கு, ஆனா அவ இன்னும் கையெழுத்துப் போடல. நான் புருஷன்தானே, நான் போடுறேன்னேன். டாக்டரம்மா சிரிச்சுச்சு. ‘அவங்க நல்ல நெனவோடதான சார் இருக்காங்க, அவங்கதான் போடணும்’னுச்சு. டாக்டரம்மா இப்ப உள்ளதான் இருக்கு, அவகிட்டப் பேசிக்கிட்டு. போடமாட்டேன்னு சொல்லிட்டான்னா நான் என்ன செய்வேன் அண்ணாச்சி? வந்த அன்னைக்கு ரத்தத்துல கால்சியம் பதினாலு. கிட்னிய வேற அரிச்சிருக்கு. இப்படியே விட்டா ஒரு நாள் நெனவு தப்பிப் படுத்துருவாங்களாம். அப்படிச் சொல்றாங்க.

என்ன சீக்குன்னா கேட்டீங்க? தைராய்டு கேள்விப்பட்டிருப்பீங்கல்ல, கழுத்துல. அதுக்குப் பின்பக்கமா உளுத்தம்பருப்பு மாதிரி நாலு சுரப்பி இருக்காம். பாராதைராய்டுன்னு பேரு. ரத்தத்துல கால்சியம் கூடாமக் கொறையாமப் பாத்துக்கிறதுதான் அதுக்கு வேலை. அதுல ஒண்ணு இவளுக்கு வீங்கிப்போயி, நிப்பாட்டாம வேலை செய்யுது. எலும்புல இருக்கிற கால்சியத்தை உருவி உருவி ரத்தத்துல விடுது. எலும்பு காலி. ரத்தத்துல கூடுனது கிட்னியில போயி கல்லா நிக்குது. அசதி, மலச்சிக்கல், வயித்தெரிச்சல், மறதி, காரணமில்லாம அழுகை, எல்லாம் அந்த ஒத்தப் பருப்பு பண்ற வேலையாம். முப்பத்தோரு வருஷம் மருந்து வித்தவன் நான், எனக்கே இப்பத்தான் தெரியுது.

சுரப்பி வீங்குனது என்னால இல்ல. அதை நல்லாக் கேட்டுக்கோங்க. டாக்டரம்மாவே சொல்லிருச்சு, ‘இது உங்களால வந்தது இல்ல சார், தானா வர்றது’ன்னு. அதுக்கப்புறம் என்னமோ ‘ஆனா’ன்னு ஆரம்பிச்சுச்சு. அதை விடுங்க.

நான் அவளப் பாத்துக்கிட்ட மாதிரி எவன் பாத்துப்பான்? அதைச் சொல்லுங்க மொதல்ல. ஆறு வருஷத்துக்கு முந்தி முட்டி வலிக்குதுன்னா. வயசு நாப்பத்தஞ்சு தாண்டுனா பொம்பளைகளுக்கு எலும்பு தேயும், ஊரறிஞ்ச விஷயம். அன்னைக்கே கால்சியம் மாத்திரை ஆரம்பிச்சுட்டேன். கடைக்கு வர்றவங்களுக்குக் குடுக்கிறதவிட ஒசத்திக் கம்பெனி. காலையில காபி குடிச்சதும், ‘கனி, கைய நீட்டு’ம்பேன். நீட்டுவா. உள்ளங்கையில வச்சு, தண்ணிச் செம்பையும் நானே எடுத்துக் குடுப்பேன். ஒரு நாள் தவறுனதில்ல. எந்தப் புருஷன் செய்றான் அண்ணாச்சி, இந்தக் காலத்துல?

அப்புறம் வயிறு எரியுதுன்னா. அதுக்கு ஒரு மாத்திரை. வெளிக்குச் சரியாப் போகலைன்னா. அதுக்கு ஒரு டானிக். காலையில எந்திரிக்கவே முடியல, ஒடம்பு அடிச்சுப்போட்ட மாதிரி இருக்குன்னா. சத்து மாத்திரை. தண்ணி தண்ணியாக் குடிக்கிறா, பாத்ரூமுக்கு ஓடிக்கிட்டே இருக்கா. நான் சும்மா இருந்தேனா? அன்னைக்கே கடையில வச்சு விரல்ல குத்தி சுகர் பாத்தேன். நூத்திப்பத்து. ‘சுகரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல, போ’ன்னு அனுப்பி வச்சேன். பிரஷர் கொஞ்சம் கூட இருந்துச்சு, அதுக்கும் ஒண்ணு, நீர் பிரியிற மாத்திரை. ஒரு கொறை வச்சேனா? அவ வாயத் தொறந்து முடிக்கிறதுக்குள்ள மருந்து கையில இருக்கும். ஊர்ல பொம்பளைக எல்லாம் அவகிட்டச் சொல்லுவாங்க, ‘ஒனக்கென்னக்கா, வீட்டுலயே ஆஸ்பத்திரி’ன்னு.

என்ன அண்ணாச்சி, முட்டியத் தேய்க்கிறீங்க? வலியா? ரொம்ப நாளாவா? அதுக்கு ஒண்ணு இருக்கு, எழுதிக்கோங்க. காலையில சாப்பிட்டதும் ஒண்ணு, ராத்திரி... இல்ல. வேண்டாம். வந்ததுதான் வந்துட்டீங்க, இங்கேயே ஒரு டாக்டர்கிட்டக் காட்டிருங்க.

எங்க விட்டேன்? ஆங், அழுகை. டிவி பாத்துக்கிட்டே இருப்பா, கண்ணுல இருந்து தண்ணி ஊத்தும். சிரிப்பு நாடகம் ஓடும், இவ அழுவா. என்னடின்னா ‘தெரியலங்க’ம்பா. கொழம்புல ரெண்டு தடவ உப்பு போட்டுருவா, ஏண்டின்னா அதுக்கும் அழுகை. நான் சத்தம் போட்டேன்தான், மறைக்கல. ‘திங்க இருக்கு, உடுத்த இருக்கு, மருந்துக்கு மெடிக்கலே இருக்கு. ஒனக்கு என்னடி கொறை?’ன்னேன். தப்பா? நீங்களே சொல்லுங்க. அதுக்கு அவ நிதானமா என்னையப் பாத்து, ‘கொறையச் சொன்னா அதுக்கும் ஒரு மாத்திரை குடுப்பீங்க’ன்னா. நானும் சிரிச்சேன். குசும்புக்குச் சொல்றான்னு நெனச்சேன்.

அன்னையில இருந்து அவ எங்கிட்ட வலின்னே சொல்லல. முட்டின்னு சொல்லல, வயிறுன்னு சொல்லல. கைய நீட்டுன்னா நீட்டுவா, அவ்வளவுதான். எனக்கு ஒரு பக்கம் பெருமைதான். விடாமக் குடுத்தோம்ல, கேட்டுருச்சுன்னு நெனச்சேன். ரெண்டு வருஷம் அண்ணாச்சி. வீடு அப்படி ஒரு நிம்மதியா இருந்துச்சு.

அப்புறந்தான் போன ஐப்பசியில கை முறிஞ்சது. நல்ல மழை. ஜன்னல் கதவு ஊறிப்போயி மூட மாட்டேன்னுச்சு. இவ ஒரு இழு இழுத்திருக்கா, மணிக்கட்டு மளுக்குன்னுருச்சு. ஜன்னல இழுத்து எவளுக்காவது கை முறியுமா? ‘என்னடி, சீனிப்பாகுல செஞ்ச கையா’ன்னுகூடக் கேட்டேன். கட்டுப் போடுறதுக்கு முன்னாடி எலும்பு டாக்டர் ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொன்னாரு.

எங்க ஊர்ல ஒரு பழக்கம் உண்டு. லேப் என் கடைக்கு அடுத்த கடை. ரிப்போர்ட்ட வாங்குனதும் சனம் நேரா எங்கிட்டத்தான் நீட்டும். ‘அண்ணாச்சி, பயப்படுற மாதிரி இருக்கா?’ம்பாங்க. டாக்டரப் பாக்க டோக்கன் போட்டு அரை நாள் உக்காரணும்ல. நான் கண்ணாடியப் போட்டு, மேலயிருந்து கீழ வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டுவேன். கீழ் நோக்கி அம்புக்குறி இருந்தா, கொறையுதுன்னு அர்த்தம். எது கொறையுதோ அதுக்கு உண்டான மாத்திரை. இரும்பு கொறைஞ்சா இரும்பு, கால்சியம் கொறைஞ்சா கால்சியம். சுகரு, கொழுப்பு, உப்பு இது மூணும்தான் கூடக்கூடாது. மத்ததெல்லாம் கூடுனா நல்லதுன்னு வச்சுக்கிட்டேன். அப்படியே முப்பது வருஷம் ஓடிருச்சு, ஒருத்தரும் கொறை சொன்னதில்ல.

இவ ரிப்போர்ட்டும் வந்துச்சு. கால்சியம் பன்னெண்டு புள்ளி ஒண்ணு. பத்தரைக்குள்ள இருக்கணும். பக்கத்துல மேல் நோக்கி அம்புக்குறி. எனக்கு எவ்வளவு சந்தோசம்ங்கிறீங்க! இத்தன வருஷம் குடுத்தது வீணாப்போகல பாருன்னு கடையில நின்னுக்கிட்டிருந்தவங்ககிட்டயெல்லாம் காட்டுனேன். கொறைஞ்சாத்தானே நோவு? கூடுனா நல்லதுதானே? நேரா வீட்டுக்குப் போயி, கட்டோட படுத்துக் கெடந்தவகிட்ட, ‘கனி, ஒன் ரத்தத்துல கால்சியம் ஜம்முன்னு ஏறியிருக்கு. எலும்பு சட்டுனு கூடிரும்’னேன். அவ கட்டுப் போட்ட கையப் பாத்தா. என்னையப் பாத்தா. மறுபடி கையப் பாத்தா.

அந்த ரிப்போர்ட்ட நான் எலும்பு டாக்டர்கிட்டக் காட்டல. அவரு கேட்டாரு. எல்லாம் நார்மல் டாக்டர்னுட்டேன். அவருக்கும் நம்ம மேல நம்பிக்கை, விட்டுட்டாரு. நல்லா இருக்கிறத எதுக்குக் காட்டணும்னு டிராயர்ல போட்டேன். மாத்திரைய ஒண்ணுக்கு ரெண்டாக்குனேன்.

தை மாசம் கல்லு வலி வந்துச்சு. இது ரெண்டாவது தடவ. மொதத் தடவ வாழைத்தண்டுச் சாறும் மாத்திரையும் குடுத்து நானே இறக்கிட்டேன். இந்தத் தடவ நான் கடையில இருக்கேன், கடை வீட்டுல இருந்து கூப்பிடு தூரம். இவ எனக்குச் சொல்லல அண்ணாச்சி. மதுரையில இருக்கிற மகளுக்கு போன் போட்டிருக்கா. மக செல்வரதி, பேங்க்ல வேலை. அவ கார எடுத்துக்கிட்டு வந்து தூக்கிப் போட்டுக்கிட்டு இங்க மதுரைக்கு வந்துட்டா. நான் மத்தியானம் சாப்பாட்டுக்குப் போனா வீடு பூட்டிக் கெடக்கு. பக்கத்து வீட்டுப் பொம்பள சொல்லித்தான் எனக்குத் தெரியும். எப்படி இருந்திருக்கும் எனக்கு?

இங்க வந்ததும் டாக்டரம்மா மொத வேலையா, அவ சாப்பிடுற மாத்திரை அத்தனையும் கொண்டு வரச் சொல்லிருச்சு. நான் ஒரு ஜவுளிக்கடைப் பை நெறையக் கொண்டாந்து குடுத்தேன். நல்லாப் பாத்திருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லும்னு நெனச்சேன். அந்தப் பிள்ளை மேஜையில கொட்டி, ஒவ்வொரு அட்டையாத் தள்ளி வச்சுக்கிட்டே வந்துச்சு. ‘இதெல்லாம் எந்த டாக்டர் எழுதுனது சார்?’னு கேட்டுச்சு. ‘எந்த டாக்டரும் இல்லம்மா, நான்தான்’னேன். கால்சியத்தைத் தள்ளுச்சு. நீர் மாத்திரைய எடுத்து, ‘இதுவும் கால்சியத்தை ஏத்தும்’னு தள்ளுச்சு. வேற ரிப்போர்ட் இருக்கான்னு கேட்டப்ப டிராயர்ல இருந்ததையும் கொண்டாந்து குடுத்தேன். அதைப் பாத்துட்டு, ‘மூணு மாசமா இது உங்க கையில இருந்துச்சா?’ன்னு மட்டும் கேட்டுச்சு. கோவமாக் கேட்டா திருப்பிப் பேசிருப்பேன். மெதுவாக் கேட்டுச்சு.

அப்புறம் ஒரு டெஸ்ட். அந்தச் சுரப்பியோட ஹார்மோன் எவ்வளவுன்னு பாக்கிற டெஸ்ட். என் கடைக்கு அப்படி ஒரு சீட்டு வந்ததே இல்ல. கால்சியம் கூடியிருந்தா அந்த ஹார்மோன் அடங்கிக் கெடக்கணுமாம். இவளுக்கு அதுவும் கூட, இதுவும் கூட. ரெண்டும் கூடியிருந்தா கோளாறு சுரப்பியிலதான்னு அர்த்தமாம். ஸ்கேன்ல பாத்தா எடது பக்கம் கீழ இருக்கிறதுதான் திருடன். அதை எடுத்துட்டா தீந்துச்சு, மத்த மூணும் வேலையப் பாத்துக்கும்னாங்க. அஞ்சு நாளா பாட்டில் பாட்டிலா ட்ரிப்ஸ் ஏத்தி கால்சியத்தை இறக்கி வச்சிருக்காங்க.

இதுக்கு நடுவுல இன்னொரு கூத்து. மக சேலை எடுக்க வீட்டுக்குப் போனா. பீரோவுல சேலைக்கு நடுவுல ஒரு ஊறுகா பாட்டில். பாட்டில் நெறைய கால்சியம் மாத்திரை. பாதி கரைஞ்சது, முழுசு, எல்லாம். கை முறிஞ்ச நாள்ல இருந்து ஒண்ணக்கூட முழுங்கல அவ! கன்னத்துல ஒதுக்கி வச்சிருந்து, நான் செம்ப வாங்கிக்கிட்டு அங்கிட்டுத் திரும்புனதும் துப்பியிருக்கா. எனக்கு வந்துச்சே கோவம்! தினம் பொழுது விடிஞ்சா நான் மெனக்கெட்டு நிக்கிறேன், இவ என்னைய முட்டாளாக்கியிருக்கா. பாட்டிலத் தூக்கிக்கிட்டு டாக்டரம்மாகிட்டயே போயிட்டேன். ‘பாருங்கம்மா நியாயத்த. ஒழுங்கா முழுங்கியிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா?’ன்னு கேட்டேன். ‘முழுங்கியிருந்தா இதுக்கு முன்னாடியே வந்திருப்பாங்க சார். துப்புனதாலதான் தாக்குப் பிடிச்சிருக்காங்க’ன்னுச்சு. பாட்டில மூடித் திரும்பக் கொண்டாந்துட்டேன். ஆனா ஒண்ணு எனக்கு இன்னும் பிடிபடல அண்ணாச்சி. துப்புனவ தூரப் போட்டிருக்கலாம்ல? எதுக்குச் சேத்து வச்சா?

நேத்துத்தான் ஃபாரத்த நீட்டுனாங்க. வழக்கம்போல நான் கண்ணாடியப் போட்டு வாங்கிப் படிச்சேன். குரல் நரம்பு பக்கத்துல இருக்கு, தொண்டை கம்மலாம், ஆபரேஷன் முடிஞ்சு கொஞ்ச நாளைக்குக் கால்சியம் ரொம்ப இறங்கிரும், அப்ப அவங்களே மாத்திரை குடுப்பாங்க. ஆமா, அதே கால்சியந்தான்! அப்ப நான் குடுத்தா தப்பு, அவங்க குடுத்தா மருந்தான்னு ஒரு வார்த்தை கேக்கலாம்னு பாத்தேன். அடக்கிக்கிட்டேன். அவகிட்ட, ‘நான் பாத்துட்டேன் கனி, பயப்படுற மாதிரி ஒண்ணுமில்ல. போடு’ன்னேன். அவ பேனாவ வாங்குனா. கீழ வச்சா. ‘இத்தன நாளா எல்லாத்தையும் நீங்களே படிச்சீங்க. இதை டாக்டர் எனக்குப் படிச்சுச் சொல்லட்டும்’னா. சத்தம் போட்டுச் சொல்லல. ரசத்துல உப்பு பத்தலன்னு சொல்ற மாதிரி சொன்னா. கல்யாணமாகி இருபத்தொம்பது வருஷத்துல இப்படி ஒரு வார்த்தை அவ வாயில இருந்து நான் கேட்டதில்ல.

இன்னைக்குப் பத்தேகாலுக்கு டாக்டரம்மா வந்துச்சு. ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்து, ‘எங்கம்மா வலிக்குது?’ன்னுச்சு. இவ வாயத் தொறந்தா. அப்புறம் என் பக்கம் திரும்பிப் பாத்தா. நான் பாட்டுக்கு, ‘முட்டிதான் டாக்டர், அப்புறம் இடுப்பு’ன்னு எடுத்துக் குடுத்தேன். தொறந்த வாய மூடிட்டா. ‘ஏங்க, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க’ன்னா. நான் வெளிய இருக்கணுமா? எதுக்குன்னு கேட்டேன். ‘இருங்க’ன்னா. டாக்டரம்மாவும் கதவப் பாத்துச்சு. வந்துட்டேன். அதான் இங்க உக்காந்திருக்கேன்.

கொஞ்சம்னுதான் சொன்னா. இப்ப மணி பதினொண்ணேகால். ஒரு மணி நேரம் அவ்வளவு என்ன பேசுறா? அவ பேசுற ஆளே கெடையாது. மாட்டேன், சாகுறதுன்னா சாகுறேன்னு சொல்லிக்கிட்டிருக்காளோ? இவரு கூட வீட்டுக்குப் போகமாட்டேன்னு சொல்றாளோ? அவ இல்லாம எனக்கு அந்த வீட்டுல சீரகம் எந்த டப்பால இருக்குன்னுகூடத் தெரியாது அண்ணாச்சி. சிரிக்காதீங்க. சத்தியமாச் சொல்றேன்.

இந்தா, கதவு தொறக்குது. சிஸ்டர்தான்.

என்னம்மா? போட்டாளா? போட்டுட்டாளா? அப்பாடா! முருகா! கேட்டீங்களா அண்ணாச்சி, போட்டுட்டாளாம். நாளைக்கு மொத ஆபரேஷனே இவதானாம்.

ஏம்மா, ஒரு கையெழுத்துக்கா இவ்வளவு நேரம்? என்னது? எங்கெங்க வலிக்குதுன்னு சொன்னாளா? எப்ப இருந்து, எப்படியெப்படி வலிக்கும்னு... எழுதிக்கிட்டாங்களா? எத்தன பக்கம்? நாலா?

நாலு பக்கமாம் அண்ணாச்சி. டாக்டரம்மாவுக்குக் கை வலிச்சுப்போச்சாம். ஒடம்புல நாலு பக்கத்துக்கு வலிய வச்சுக்கிட்டு, பக்கத்துலயே படுத்திருந்தவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம எப்படி இருந்தா... இல்ல. சொன்னா. சொல்லத்தான் செஞ்சா. முட்டின்னு ஆரம்பிப்பா, நான் எந்திரிச்சுப் போயிருவேன் மாத்திரை எடுக்க. திரும்பி வந்து, கைய நீட்டும்பேன். அதுக்கு மேல என்னமோ சொல்ல வந்தாளா, அதை நான் நின்னு கேட்டதே இல்ல.

என்ன சிஸ்டர், உள்ள வரச் சொல்றாங்களா? அவ கூப்பிட்டாளா? டாக்டர்தானா? சரி. சரி, வாரேன், ஒரு நிமிஷம்.

கையக் கொஞ்சம் குடுங்க அண்ணாச்சி, காலு மரத்துப்போச்சு. உள்ள போயி அவகிட்ட என்ன பேசுறதுன்னு எனக்குத் தெரியல. பயமா இருக்கு.